ஆறு இருக்கை நொதி

காலை பத்தேகால் மணிக்குப் பதினோரு படிகங்கள் நலமாக இருந்தன. அவற்றுக்குப் பொறுப்பாளர் மாரிசெல்வி.

நலம் என்ற சொல் தெரிந்தேதான் போடப்பட்டிருக்கிறது. ராஜபாளையத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு கல்லூரியில், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சி அறைக்கு வந்ததும், மாரிசெல்வி மைக்ராஸ்கோப்பில் குனிந்து, "என்ன, எல்லாரும் நல்லா இருக்கீகளா?" என்று படிகங்களைக் கேட்பது வழக்கம். அறையில் வேறு யாரும் இல்லாததால் இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள ஆளில்லை.

விஷயம் இதுதான். காசநோய்க் கிருமி தன்னைச் சுற்றி மெழுகால் ஒரு சுவர் கட்டிக்கொள்கிறது. அந்த மெழுகுக்கு வேண்டிய சரக்கைத் தயாரிப்பது ஒரு நொதி. நொதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. மூலப்பொருள் வந்து அந்தப் பள்ளத்தில் உட்காரும், வேலை முடியும், எழுந்து போகும். அங்கே வேறொரு மூலக்கூறைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டால் மூலப்பொருளுக்கு இடமில்லை. இடமில்லை என்றால் மெழுகில்லை, மெழுகில்லை என்றால் சுவரில்லை, சுவரில்லாத கிருமி பிழைக்காது. மாரிசெல்வி உருவாக்கிய ஒரு மூலக்கூறு அந்தப் பள்ளத்தில் போய் உட்காருகிறது என்பது சோதனைக் குழாயில் தெரிந்துவிட்டது. எப்படி உட்கார்ந்திருக்கிறது, சம்மணமா, கால் மேல் காலா என்பதுதான் தெரியவில்லை. தெரிந்தால் இன்னும் கெட்டியாக உட்கார வைக்கலாம்.

அதைத் தெரிந்துகொள்ள நொதியையும் மூலக்கூறையும் சேர்த்துப் படிகமாக்கி, இந்தூரில் இருக்கும் பெரிய எக்ஸ்ரே நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்று வருஷம் படிகம் வரவில்லை. நான்காவது வருஷம் வந்தது, பதினோரு பொடிப் படிகம். அறை பதினெட்டு டிகிரிக்கு மேல் போனால் அவை கரைந்துவிடும். ஆகவே கல்லூரியிலேயே இரவு பகலாக ஓடும் ஒரே ஏ.சி. அந்த அறையில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தூரில் மாரிசெல்விக்குக் கொடுத்த நாள் மார்ச் 27. மார்ச் 24 மத்தியானம் படிகங்களைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, சாயங்காலம் மதுரையில் ரயிலேற வேண்டும். தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு ஒரு வருஷம் கழித்து. படிகங்கள் மாதக் கடைசிக்கு மேல் தாங்காது.

எல்லாம் தயார். ஒரு கையெழுத்துதான் பாக்கி.

சளி மாதிரிகளை யாரையும் கேட்காமல் மாவட்டத்துக்கு வெளியே அனுப்பக் கூடாது என்று எப்போதோ ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அதில் "காசநோய் தொடர்பான பொருட்கள்" என்று ஒரு சொல் சேர்ந்துவிட்டது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ரயில் பார்சல்காரரும் கல்லூரி அலுவலகமும் ஆட்சேபணையின்மைச் சான்று கேட்டார்கள். கொடுக்க வேண்டியவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் காசநோய் விழிப்புணர்வுச் சிறப்பு அலுவலர் ஐயாதுரை. 2025 மார்ச் 3-ஆம் தேதி, படிகங்களை நலம் விசாரித்துவிட்டு, மாரிசெல்வி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் நோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கும் ஜன்னல். மேல்தளத்தில் விழிப்புணர்வு. விழிப்புணர்வுக்குப் போகும் படிக்கட்டு சலவைக்கல் பதித்தது. மேலே கண்காணிப்பாளர் பரிபூரணம் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருப்பதால் எதற்கும் பதறாத அம்மா.

"சார் இருக்காகளா?"

"இருக்காக. அவிய ஒரு போட்டோ பாத்துக்கிட்டு இருக்காக. செத்த நேரம் உக்காரு."

அது போன மாதம் நடந்த விழிப்புணர்வுப் பேரணியின் போட்டோ. அதில் தமக்கு முன்னால் ஒரு சுகாதார ஆய்வாளரின் தலை வந்துவிட்டதைப் பற்றி ஐயாதுரை ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் மாரிசெல்வியைக் கூப்பிட்டார்.

"என்ன பொருள்மா இது?"

"காசநோய்க் கிருமியோட ஒரு நொதி சார். படிகமா இருக்கு."

"உள்ள கிருமி இருக்கா?"

"கிருமியே கிடையாது சார். நொதி மட்டுந்தான். அதுவும் வேற ஒரு சாது பாக்டீரியாவுல வச்சு நாங்க உண்டாக்குனது."

"கிருமி இல்லேங்கிற. அப்பறம் காசநோய்னு ஏன் எழுதியிருக்க?"

"கிருமியோட ஒரு உறுப்பு மாதிரி சார் அது."

ஐயாதுரை பேனாவை மூடினார்.

"உறுப்பா? உறுப்ப வெளிமாநிலத்துக்கு அனுப்புறதுன்னா அதுக்குத் தனிக் கமிட்டி இருக்கு. கொடுக்கிறவர் சம்மதம் வேணும். அவர் இறந்திருந்தா வாரிசோட சம்மதம் வேணும்."

"சார், கிருமிக்கு..."

"வாரிசு இல்லேன்னு சொல்லிராத. அதுக்கு இருக்கிற மாதிரி வாரிசு ஊர்ல யாருக்கும் கிடையாது. பரிபூரணம் மேடம், உறுப்புச் சட்டத்துல மனுஷன்னு போட்டிருக்கா, பொதுவா போட்டிருக்கா?"

பரிபூரணம் பார்த்தார். மனிதன் என்றுதான் போட்டிருந்தது. ஐயாதுரைக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வேறு வழி இருக்கிறதா என்று மனுவைப் புரட்டியவர், கடைசித் தாளில் நின்றுவிட்டார். அங்கே நொதியின் படம் இருந்தது. நாடா நாடாவாகச் சுருண்டு, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நான்கு நிறத்தில்.

"இது என்ன, ஜாங்கிரி?"

"இதுதான் சார் நொதி. ஒரே மாதிரி நாலு பகுதி, முதுகோட முதுகு ஒட்டி உக்காந்திருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துலதான் மருந்து போய் உக்காரணும்."

"உக்காரலாமா?"

"மருந்து சார்."

"அளவப் பெருசு பண்ணுனா ஆளே உக்காரலாம்ல?"

இங்கே நாட்டு நடப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் பைபாஸ் திருப்பத்தில் ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதி, நடுவில் ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டு, செல்ஃபி பாயிண்ட் என்று திறந்து வைக்கும் காலம் இது. பேரூராட்சிகள்கூடக் குடிநீர்த் தொட்டி கட்டுவதற்கு முன் இதயம் கட்டிவிடுகின்றன. மீன்வளத் துறை ஒரு ஊரில் மீன் வாய்க்குள் நின்று படமெடுக்க வசதி செய்திருந்தது. வேளாண் துறையிடம் ஒரு கத்தரிக்காய் இருந்தது. காசநோய்க்கு மட்டும் ஒன்றுமில்லை. நுரையீரல் வைக்கலாம் என்று ஐயாதுரை முன்பே யோசித்து, பார்க்க நன்றாக இராது என்று கைவிட்டிருந்தார். மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் விழிப்புணர்வு நிதி திரும்பிப் போய்விடும். மார்ச் 24 உலகக் காசநோய் நாள். இத்தனையும் ஒரு புள்ளியில் வந்து கூடுகிற நேரத்தில் மாரிசெல்வி நாலு நிறத்தில் ஒரு படத்தோடு வந்து நின்றிருக்கிறாள்.

"உன் சான்றுக்கு ஒண்ணும் தடை இல்லம்மா," என்றார் ஐயாதுரை. "விழாவுல வச்சுத் தர்றேன். அதுக்குள்ள நீ இந்த நொதிய நல்லபடியா நிறுத்திக் குடு."

மாரிசெல்வி கணக்குப் போட்டாள். விழா 24 காலை, ரயில் சாயங்காலம். சரியாக இருந்தது. சரி என்றாள். கல்லூரியில் அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் அழகுராஜாவோ, விஷயத்தைக் கேட்டதும் பீரோவைத் திறந்து, விழாக்களில் வாங்கிய பொன்னாடைகளில் எதைப் போர்த்திப்போனால் எடுப்பாக இருக்கும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். மாடல் கல்லூரி வாசலில் நிற்கும் என்று முடிவானது.

ஃபைபரில் செய்ய வந்தவர் தளவாய்புரம் சோலைராஜ். கல்யாண மண்டபத்து யானை, நகைக்கடை மயில், கட்சிக் கூட்டத்துச் சிங்கம் எல்லாம் அவர் கைவேலை. படத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தலை எங்க தங்கச்சி இதுக்கு?"

"தலை கிடையாதுண்ணே."

"வாலு?"

"அதுவும் கிடையாது."

"அப்ப இது எந்தப் பக்கம் பாத்து நிக்கும்?"

"எந்தப் பக்கமும் பாக்காதுண்ணே. நாலும் நாலு திசைக்கு இருக்கும்."

"ரோட்டப் பாக்கணும்மா. ரோட்டப் பாக்காத சிலை தமிழ்நாட்டுல எங்கயும் கிடையாது. சரி, அத விடு. இது என்னதான் வேலை செய்யுது?"

மாரிசெல்வி மெழுகு, சுவர், பள்ளம் என்று ஆரம்பித்தாள். சோலைராஜ் கொட்டாவி விட்டார். அவள் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு ஆபீஸ்னு வச்சுக்கோங்க. அங்க ஒரு சீட்டு. அந்த சீட்டுல வேலை தெரிஞ்ச ஆளு வந்து உக்காந்தா வேலை நடக்கும். இப்ப அந்த ஆளு வர்றதுக்கு முன்னாடி, சைஸ் சரியா இருக்கிற வேற ஒருத்தர் வந்து அதுல உக்காந்துக்கிறாரு. ஒண்ணும் செய்ய மாட்டாரு. எந்திரிக்கவும் மாட்டாரு. அம்புட்டுத்தான். ஆபீஸ் நின்னுபோயிரும். அவருக்குப் பேரு தடுப்பான்."

சோலைராஜுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "அட, இதுக்கா நாலு வருஷம் படிச்ச? எங்க பத்திரப்பதிவு ஆபீஸ்ல வந்து ஒரு மத்தியானம் நின்னிருந்தாப் போதுமே!"

அளவு சரிபார்க்க வந்திருந்த பரிபூரணம் சிரித்துவிட்டார். பிறகு, சிரித்ததை யாராவது பார்த்தார்களா என்று பார்த்துக்கொண்டார்.

மாடல் மளமளவென்று எழுந்தது. இரண்டு ஆள் உயரம், நாலு நிறம், நாலு பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் குஷன் வைத்த இருக்கை. வி.ஐ.பி. ஒருவர் "நான் தடுப்பான்" என்று அச்சடித்த பட்டையை மார்பில் குறுக்கே அணிந்து உட்காருவார், கீழே நின்று படமெடுப்பார்கள், காசநோய் ஒழியும். அழகுராஜா சுற்றிச் சுற்றி வந்து, "பாகுந்தி, பாகுந்தி" என்றார். சந்தோஷம் மிகுந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்குதான் வரும்.

பதினைந்தாம் தேதி அழைப்பிதழின் மாதிரிப்படி வந்தது. அதில் ஐந்து பெயர்கள்.

ஐயாதுரை மாரிசெல்வியை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச் சொன்னார்.

"ஒரு பள்ளம் கூடப் போடணும்மா."

"நாலுதான் சார் இருக்கு."

"அஞ்சு பேரு வாராக."

"ஆளு எத்தனை பேர் வந்தாலும் நொதியில நாலுதான் சார் இருக்கும்."

"அஞ்சாவது ஆள எங்கம்மா உக்கார வைக்க? உன் மடியிலயா? அழைப்பிதழ்ல பேர் போட்டுட்டு இருக்கை இல்லேன்னு சொல்ற பழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. கல்யாண வீட்ல இலை பத்தலேன்னா என்ன செய்வோம்? பந்திய நீட்டுவோமா, வந்தவரத் திருப்பி அனுப்புவோமா?"

"இது இயற்கை சார். நாமளா நீட்ட முடியாது."

"இயற்கைன்னா விலக்கு கிடையாதுன்னு எங்க போட்டிருக்கு? விலக்கு கேட்டுப் பாத்தியா நீ?"

கேட்டதில்லை என்று மாரிசெல்வி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆகவே முறைப்படி ஒரு குழு அமைக்கப்பட்டது. பெயர், நொதி அமைப்புச் சீராய்வுக் குழு. ஐயாதுரை தலைவர். அழகுராஜா உறுப்பினர். கட்டட உறுதித்தன்மைக்கு ஒரு உதவிப் பொறியாளர். சோலைராஜ் சிறப்பு அழைப்பாளர். மாரிசெல்வி தொழில்நுட்ப வல்லுநர். குழு கூடியபோது மில் அதிபர்கள் சங்கத் தலைவரின் பெயர் விட்டுப்போனது நினைவுக்கு வந்து, எண்ணிக்கை ஆறாகியிருந்தது.

"ஆறு தாங்குமா?" என்று தலைவர் கேட்டார்.

"இரும்புக் கம்பி கொடுத்தாத் தாங்கும்," என்றார் உதவிப் பொறியாளர்.

"நான் கேக்கிறது அறிவியல்."

எல்லோரும் மாரிசெல்வியைப் பார்த்தார்கள். அவள் அழகுராஜாவைப் பார்த்தாள். அழகுராஜா தொண்டையைக் கனைத்தார்.

"இதுவரைக்கும் பாத்தவங்க நாலு பாத்திருக்காங்க. பாக்காத இடத்துல இன்னும் ரெண்டு இருக்கக் கூடாதுன்னு யாரும் நிரூபிக்கல. அறிவியல்ல எல்லாத்துக்கும் மனசத் திறந்து வச்சிருக்கணும்."

இந்தக் கருத்து அனைவருக்கும் பிடித்திருந்தது. தீர்மானம் எழுதப்பட்டது: "மேற்படி நொதியில் காணப்படும் நான்கு பள்ளங்கள் என்ற எண்ணிக்கை, இயற்கை நிர்ணயித்த குறைந்தபட்ச அளவாகக் கருதப்பட்டு, பொதுநலன் கருதி ஆறாக உயர்த்தி இக்குழு ஆணையிடுகிறது." கீழே ஐந்து கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. நான்கு விழுந்துவிட்டது.

"போடும்மா," என்றார் ஐயாதுரை.

"தப்பு சார் இது."

"தப்புன்னா தனியா ஆட்சேபணைக் குறிப்பு எழுதிக் குடு. மேலிடத்துக்கு அனுப்பி, விளக்கம் வாங்கி, பொறவு விழாவ வச்சுக்கிருவோம். ஏப்ரல் கடைசில வைப்போமா?" ஐயாதுரை மேசை மேலிருந்த மற்றொரு தாளைத் தடவிக்கொடுத்தார். அது அவளுடைய சான்று. தட்டச்சு முடிந்து, முத்திரை விழுந்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

ஒரு தட்டில் ஃபைபரில் இரண்டு பள்ளம். இன்னொரு தட்டில் பதினோரு படிகம். ஃபைபர் நொதி யாருக்கும் வைத்தியம் பார்க்கப் போவதில்லை, வாசலில் நிற்கப்போகிறது. மாரிசெல்வி கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் பரிபூரணம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

"முத தடவ போடும்போது இப்படித்தான் தண்ணி தவிக்கும்," என்றார். "பொறவு சரியாப்போகும்."

சோலைராஜ் ராத்திரி பகலாக வேலை பார்த்து, சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஊதாவையும், நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஆரஞ்சையும் சொருகினார். நொதி முன்பைவிட ரோட்டைப் பார்த்தது.

மார்ச் 24, திங்கட்கிழமை. மாரிசெல்வி காலையிலேயே கால்நடை மருத்துவமனைக்குப் போனாள். மாட்டுக்குச் சினை ஊசி போட வைத்திருக்கும் திரவ நைட்ரஜனில் கொஞ்சம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே, எந்தக் கமிட்டியும் கூட்டாமல் கொடுத்தார்கள். ஆவி பறக்கும் குடுவையை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்து இறங்கினாள். வாசலில் கொட்டுமேளம். ஆறு நிறத்தில் நொதி, மாலை போட்டு நின்றது. அதைக் கண்டுகொள்ளாமல் சைக்கிள் ஸ்டாண்டைக் கடந்து அறைக் கதவைத் திறந்தாள்.

அறைக்குள் அடுப்பங்கரை மாதிரி இருந்தது. சுவரில் ஏ.சி. இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. ஓட்டை வழியாக வேப்பமரம் தெரிந்தது. மேசை மேல் ஒரு டேபிள் ஃபேன், படிகத் தட்டைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது.

அவள் போன வேகத்தில் அழகுராஜா மேடைக்குப் பின்னால் பிடிபட்டார். பட்டு வேட்டி, பொன்னாடை.

"சார், ஏ.சி.?"

"வி.ஐ.பி. ஓய்வறைக்கும்மா. நேத்துச் சாயந்திரமே கழட்டிட்டாங்க. அந்த ரூம்ல இருந்தது ஓடல. சென்னையிலருந்து வர்றவிய வேர்த்து விறுவிறுத்து நின்னா நம்ம ஊருக்கு நல்லாவா இருக்கும்? சாயந்திரம் திருப்பி மாட்டிருவாங்க."

"சார், படிகம்..."

"அத மறப்பேனா? அதுக்குத்தான் என் சொந்த ஃபேனக் கொண்டாந்து போட்டு வச்சேன்."

மாரிசெல்வி திரும்பிப் போய் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். படிகங்கள் வளர்ந்திருந்த சொட்டுகள் பதினொன்றும் இருந்தன. மழைத்தண்ணீர் போலத் தெளிவாக இருந்தன. அவற்றுக்குள் எதுவும் இல்லை. நலம் விசாரிக்க யாரும் இல்லாததால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஃபேனை நிறுத்தினாள். குடுவையிலிருந்து ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஓய்வறையில் ஏ.சி. பதினாறு டிகிரியில் ஓடியது. வி.ஐ.பி. தாமதமாக வந்ததால் நேராக மேடைக்குப் போய்விட்டார். அந்த அறைக்குள் அன்றைக்கு ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை.

"ஏம்மா, இங்கயா நிக்க?" ஐயாதுரையே ஆள் தேடி வந்துவிட்டார். "எங்கெல்லாம் தேடுறது! மில் சங்கத் தலைவர் வரல. மதுரையில கல்யாணமாம். ஆறாவது பள்ளம் காலியாக் கெடக்கு. போட்டோவுல ஓட்டை மாதிரித் தெரியுது. நீ வந்து உக்காரு."

"சார், என் படிகமெல்லாம் கரைஞ்சுபோச்சு."

"கரையட்டும்மா, சான்று ரெடியா இருக்குல்ல?"

சான்று எதற்காக என்று அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. சான்று உண்மையிலேயே தயாராகத்தான் இருந்தது. இப்போதெல்லாம் மேடையில் எதைக் கொடுத்தாலும் கதவளவு அட்டையில் அச்சடித்துக் கொடுப்பதுதான் முறை. ஆட்சேபணையின்மைச் சான்றும் அப்படியே, ஆறடி நீளத்தில், ஐயாதுரையின் கையெழுத்து முழங்கை அளவில் தெரிய, இரண்டு பேர் தூக்கி வர வந்தது. "பதினோரு படிகங்களை இந்தூருக்கு எடுத்துச் செல்ல இவ்வலுவலகத்துக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை." கூட்டம் கைதட்டியது. மாரிசெல்விக்குப் பட்டையை மாட்டி, ஏணியில் ஏற்றி, ஆரஞ்சுப் பள்ளத்தில் உட்கார வைத்து, அட்டையை மடியில் கொடுத்தார்கள்.

"சிரிங்க மேடம்," என்றார் ஒரு போட்டோகிராபர்.

ஆறு தடுப்பான்களும் சிரித்தார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வண்ணத்தில் வந்த படம் அதுதான். நொதி என்றால் என்ன என்று ஒரு பத்திரிகையும் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஏ.சி. சொன்னபடி சாயங்காலம் பத்திரமாகத் திரும்பி வந்து, ஓட்டையில் மாட்டப்பட்டு, பதினெட்டு டிகிரிக்கு ஓடத் தொடங்கியது.

அடுத்த சில மாதங்களில் ராஜபாளையத்துக்காரர்களும் சுற்றுவட்டாரத்துக்காரர்களும் நொதியில் உட்கார்ந்து படமெடுத்தார்கள். புது மாப்பிள்ளை, பெண் ஜோடிகள் ஒரே பள்ளத்தில் இரண்டு பேராக உட்கார்ந்தார்கள். வ. புதுப்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். உட்கார்ந்து எழுந்த ஒவ்வொருவரையும் "விழிப்புணர்வு பெற்றவர்" என்று ஐயாதுரை அலுவலகம் மேலே தெரிவித்தது. மாவட்ட மக்கள்தொகையைவிட விழிப்புணர்வு பெற்றவர்கள் அதிகமாகிவிடுவார்களோ என்று ஒரு கட்டத்தில் பரிபூரணம் கவலைப்பட்டு, செவ்வாய்க்கிழமைகளில் எண்ணுவதை நிறுத்தி வைத்தார்.

மே மாதம் மாரிசெல்வியின் ஆராய்ச்சி உதவித்தொகைக் காலம் முடிந்தது. ஜூனில் தூர தேசத்து ஆய்வகம் ஒன்று இதே நொதியில் இதே மாதிரியான மூலக்கூறு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று படத்தோடு வெளியிட்டது. சம்மணமும் இல்லை, கால் மேல் காலும் இல்லை. ஒருக்களித்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மாரிசெல்வி அந்தப் படத்தைச் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டாள்.

கட்டுரை ஐயாதுரையின் பார்வைக்கும் போனது. அதில் பள்ளங்கள் நான்கு. இதை அவரால் சும்மா விட முடியவில்லை. "தங்கள் கட்டுரையில் மேற்படி நொதிக்கு நான்கு பள்ளங்களே காட்டப்பட்டுள்ளன. இவ்வலுவலகக் குழுவின் தீர்மானப்படி அவை ஆறு ஆகும். இரண்டு விடுபட்டதற்கான விளக்கத்தைப் பதினைந்து நாட்களுக்குள் அனுப்பும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்று ஒரு கடிதம் போயிற்று. ஆங்கிலத்தில் அதை எழுதிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்ததால், நொதி ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் ஒப்பந்தப் பணியிடம் உருவாக்கப்பட்டு, மாரிசெல்விக்கு அளிக்கப்பட்டது. வீட்டில் அம்மா, "கவர்மெண்டு ஆபீஸா? போடி, போ" என்று நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினாள். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதில் வராததை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு கோப்பு மூடப்பட்டது.

பரிபூரணத்துக்கு எதிரில் அவளுக்கு மேசை. முதல் வாரம் அந்த நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்து உட்கார்ந்தாள்.

அக்டோபரில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிரமுகர்கள் தூதுக்குழுவாக வந்தார்கள். ராஜபாளையத்தில் ஆறு பள்ளம் இருக்கும்போது, கோவிலும் கோர்ட்டும் இருக்கிற ஊரில் ஒன்றுகூட இல்லாதது குறித்து அவர்கள் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்கள். சோலைராஜும் கூட வந்திருந்தார். இங்கே வைப்பதில் அறிவியல் ரீதியாக ஏதாவது சிக்கல் உண்டா என்று ஐயாதுரை தம் ஒருங்கிணைப்பாளரைக் கேட்டார்.

"அழைப்பிதழ்ல எத்தன பேரு? மொதல்ல அதச் சொல்லுங்க," என்றாள் மாரிசெல்வி.

"எட்டு பேரும்மா," என்றார் தூதுக்குழுத் தலைவர்.

"கீழ்த்தளத்துல மாத்திரை கொடுக்கிற சார் போன தடவையே மனசு வருத்தப்பட்டாரு. அவரையும் சேத்து ஒம்போதா வச்சிருங்க."

சோலைராஜ் அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நாலக் கூட்டுறது தப்புன்னு அன்னைக்குக் கமிட்டியில சொன்ன ஆளுதான நீ?"

"அது குறைந்தபட்ச அளவுண்ணே," என்றாள் அவள், தீர்மானத்துக்குத் தாள் எடுத்துக்கொண்டே.

2025 நவம்பர் 14-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்பது இருக்கைகள் கொண்ட நொதி திறந்துவைக்கப்பட்டது. மருந்து வாங்க வந்திருந்த நோயாளிகள், கூட்டம் காட்டுவதற்காகப் பந்தலில் உட்கார வைக்கப்பட்டார்கள். மாத்திரை வழங்கும் அலுவலர் ஒன்பதாவது பள்ளத்தில் இருந்ததால் அன்று மாத்திரை வழங்கப்படவில்லை.